இணையமும் உள்ளத்து உணர்வுகளும்

(தசலட்சணப் பர்வ நிறைவு விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தசலட்சணப் பர்வத்தின் பத்து அறங்களுள் முதலில் வைக்கப்பட்டது உத்தம க்ஷமை. பர்வம் நிறைவுற்றதும் வரும் க்ஷமாவணி நாளில் ஒருவரையொருவர் கண்டு மன்னிப்புக் கேட்பது சமணக் குடும்பங்களின் மரபு. பொறுமையில் தொடங்கி மன்னிப்பில் முடியும் இந்த அமைப்பு, மனித உள்ளத்தை நன்கு அறிந்தோர் வகுத்தது. ஆண்டு முழுவதும் உள்ளம் எங்கே புண்படுகிறது, எங்கே பிறரைப் புண்படுத்துகிறது என்று ஆராய்ந்தால், முற்காலத்தில் விடை வயல் வரப்பிலும் அங்காடியிலும் பங்காளி வீட்டு வாசலிலும் கிடைத்திருக்கும். இக்காலத்தில் அதற்குக் கையகலத் திரையொன்றும் சேர்ந்துகொண்டது. ஆகவே இணையப் பழக்கம் உள்ளத்து உணர்வுகளை எவ்வாறு அசைக்கிறது என்பதே இன்றைய பொருள்.

இணையம் தந்த நலம்

ஒரு கருவியின் குறையைப் பேசுமுன் அதன் பயனைக் கூறுவதே நேர்மை. 1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகக் கணினியிலிருந்து தொலைவிலிருந்த ஆய்வுக்கூடக் கணினிக்கு முதற்செய்தி அனுப்பப்பட்டது. ‘லாகின்’ என்னும் சொல்லை அனுப்ப முயன்றபோது முதல் இரண்டு எழுத்துகள் மட்டுமே சென்று சேர்ந்தன, கணினி நின்றுவிட்டது. அந்த இரண்டு எழுத்துகளிலிருந்து வளர்ந்ததே இன்றைய இணையம். இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், அந்நூலின் சமயக் கருத்துகளை அறிந்துகொள்ளக் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். ஒரு சொல்லின் பொருளுக்காக வீடு தேடி நடந்த காலம் அது. இன்று சிந்தாமணியும் நாலடியாரும் யசோதர காவியமும் ஒரு மாணவனின் கைப்பேசியில் அடங்கியுள்ளன. வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து பிள்ளைகள் பணிநிமித்தம் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் சென்றபின், ஊரில் தனித்திருக்கும் பாட்டி பேரக்குழந்தையின் முதல் நடையைக் காண்பது இந்தத் திரையால்தான். ஆலயத் திருப்பணிச் செய்தி ஒரே நாளில் உறவினர் அனைவரையும் எட்டுகிறது. இரத்தம் வேண்டுமென்ற வேண்டுகோள் ஒரு மணி நேரத்தில் நிறைவேறுகிறது. இவையெல்லாம் மறுக்கவியலாத நன்மைகள்.

எனினும் கருவி வேறு, பழக்கம் வேறு. கருவியை மனிதன் எடுத்துப் பயன்படுத்துகிறான். பழக்கமோ மனிதனை எடுத்துக்கொள்கிறது.

தீராத கலம்

கலத்தில் இட்ட உணவு தீர்ந்ததும் கை நிற்கிறது. நாளிதழின் கடைசிப் பக்கம் வந்ததும் கண் ஓய்கிறது. பழைய இணையப் பக்கங்களிலும் கீழே ஓர் எல்லை இருந்தது. அடுத்த பக்கம் வேண்டுமாயின் அதற்கென ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அந்த ஒரு நொடியில், ‘போதுமா, இன்னும் வேண்டுமா’ என்று மனம் தன்னையே கேட்டுக்கொள்ள இடமிருந்தது. 2006இல் ஆசா ராஸ்கின் என்னும் வடிவமைப்பாளர், பக்கம் முடியாமல் தொடர்ந்து கீழிறங்கும் முறையை உருவாக்கினார். படிப்பவருக்கு வசதியாக இருக்கட்டும் என்பதே அவரது நோக்கம். பிற்காலத்தில் அதன் விளைவைக் கண்டு அவரே வெளிப்படையாக வருந்தினார். கலம் தீராதபோது கை எங்கே நிற்பது?

இதற்கு உளவியலார் கூறும் மற்றொரு காரணமும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் பி. எப். ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு செய்த சோதனைகளில், ஒவ்வொரு முறை கொத்தும்போதும் தீனி கிடைத்த புறாவைவிட, எப்போது கிடைக்கும் என்று தெரியாத புறாவே விடாது கொத்தியது. கைப்பேசியைத் திறந்தால் பத்தில் எட்டு முறை பயனுள்ளது ஏதும் இருப்பதில்லை. ஒன்பதாவது முறை மகனின் படமோ, தோழியின் வாழ்த்தோ, வியப்பான செய்தியோ வந்திருக்கும். அந்த ஒன்பதாவது முறைக்காகவே விரல் எட்டு முறையும் திறக்கிறது. மின்வெட்டு நேரத்திலும், ஆலய வாசலில் காலணி கழற்றும் போதும், சமையலறையில் பால் பொங்கும் முன்னரும் கை தானாகக் கைப்பேசியைத் தேடுவதன் காரணம் இதுவே. எனவே இதை ஒருவரின் ஒழுக்கக்கேடு என்று இகழ்வதைவிட, மனத்தின் இயல்பான பலவீனத்தை அறிந்து அமைக்கப்பட்ட பொறி என்று புரிந்துகொள்வது நலம். பொறியை அறிந்தவனே விலகி நடக்க முடியும்.

நான்கு கஷாயங்கள்

துணியில் சாயம் நன்கு பற்றுவதற்குத் துவர்ப்புச் சாறு துணைசெய்யும். அதுபோல் உயிரில் வினை பற்றத் துணைசெய்வன என்பதால் குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கையும் கஷாயங்கள் என்று ஆகமங்கள் அழைக்கின்றன. இணையம் இந்நான்கையும் புதிதாகப் படைக்கவில்லை. ஆனால் நான்கிற்கும் நாள்தோறும் வாய்ப்பளிக்கிறது.

முதலாவது சினம். நேரில் ஒருவரைக் கடிந்து பேசும்போது அவர் முகம் வாடுவது தெரியும். குரல் தழுதழுப்பது கேட்கும். சொல்ல வந்த சொல்லில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். திரையில் முகமும் இல்லை, குரலும் இல்லை. 2004இல் ஜான் சூலர் என்னும் உளவியலாளர் இதனை ஆராய்ந்து, எதிரிலிருப்பவர் கண்ணுக்குத் தெரியாமையும் மறுமொழி உடனே வராமையும் மனிதரின் கட்டுப்பாட்டைத் தளர்த்துகின்றன என்று விளக்கினார். திருமண வீட்டில் பெரியவரின் முன் வாய் திறவாத இளைஞன், குடும்பக் குழுவில் அதே பெரியவருக்கு மூன்று வரியில் சுடுசொல் எழுதிவிடுகிறான். ஊரில் எவரிடமும் கடுஞ்சொல் பேசியறியாத முதியவர், அரசியல் செய்தியொன்றின் கீழ் முன்பின் அறியாதவரை ஏசுகிறார்.

சமண நூல்கள் சினத்தின் வலிமையை நால்வகைக் கோடுகளால் விளக்கும்: நீரில் கீறிய கோடு, மணலில் கீறிய கோடு, நிலத்தில் கீறிய கோடு, கல்லில் கீறிய கோடு. நீர்க்கோடு கீறும்போதே மறையும். கற்கோடு நெடுங்காலம் நிற்கும். வாயால் சொன்ன கோபம் பெரும்பாலும் நீர்க்கோடாகவோ மணற்கோடாகவோ இருந்தது. சொன்னவரும் மறந்தார், கேட்டவரும் மறந்தார். எழுதி அனுப்பிய கோபம் அப்படியன்று. அது படமெடுக்கப்பட்டு மற்றொருவருக்கு அனுப்பப்படுகிறது. மூன்று ஆண்டுகள் கழித்துச் சொத்துப் பிரிவினையின்போது மீண்டும் எடுத்துக் காட்டப்படுகிறது. எழுதியவரின் உள்ளத்தில் சினம் அன்றே தணிந்திருக்கலாம். ஆனால் நீரில் போட வேண்டிய கோட்டை அவரது விரல் கல்லில் போட்டுவிட்டது.

இரண்டாவது மானம், அதாவது தற்பெருமை. 2009 பிப்ரவரியில் பேஸ்புக் நிறுவனம் விருப்பக்குறியை அறிமுகப்படுத்தியது. பிறர் பாராட்டை நாடுவது மனித இயல்புதான். அந்தப் பாராட்டை எண்ணாக்கி அனைவரும் காணும்படி வைத்ததே புதுமை. கோயிலுக்கு அளித்த தானமும் முதியோர் இல்லத்தில் பரிமாறிய உணவும் படமாகி, எத்தனை பேர் விரும்பினர் என்று இரவெல்லாம் எண்ணப்படுகின்றன. குறைவாக வந்தால் வருத்தம். உறவினர் ஒருவர் குறியிடவில்லையெனில் மனத்தாங்கல். தானம் தந்த நிறைவு அந்த எண்ணிக்கையில் கரைந்துபோகிறது.

மூன்றாவது மாயை, உள்ளொன்றும் புறமொன்றுமாய் இருத்தல். சண்டையிட்டுக்கொண்டே சுற்றுலா சென்ற குடும்பம், படத்திற்காக மட்டும் பத்து நொடி சிரிக்கிறது. பார்ப்பவர் அந்தப் பத்து நொடியைத்தான் காண்கிறார். தம் வீட்டின் முழு நாளோடு அதை ஒப்பிட்டுப் பெருமூச்சு விடுகிறார். மனிதர் தம் நிலையைப் பிறர் நிலையோடு ஒப்பிட்டே அளந்துகொள்கின்றனர் என்று 1954இல் லியோன் பெஸ்டிங்கர் கூறினார். அன்று ஒப்பிடக் கிடைத்தவர் ஒரு தெருவினர். இன்றோ உலகமே அடுத்த வீடாகிவிட்டது. அதிலும் காட்டப்படுவது அவ்வீட்டின் கூடம் மட்டுமே, அடுக்களை இல்லை.

நான்காவது லோபம். வேண்டும் என்ற எண்ணம் தோன்றுமுன்பே பொருள் திரையில் தோன்றுகிறது. நேற்று தேடிப் பார்த்த சேலை இன்று நாளிதழ் படிக்கும் பக்கத்தின் ஓரத்திலும் வந்து நிற்கிறது. ‘இன்னும் இரண்டு மணி நேரம் மட்டுமே’ என்னும் அவசரம் சிந்திக்க விடுவதில்லை. பரிக்கிரக பரிமாணம் என்னும் அளவறிந்து வைத்திருக்கும் விரதத்திற்கு இதைவிடக் கடினமான சோதனை முன்பு இருந்ததில்லை.

வடிகட்டாத நீர்

நீரை வடிகட்டி அருந்துதல் சமண இல்லங்களின் தொன்மையான வழக்கம். குழாய் நீர் வந்த பின்னும் வெள்ளைத் துணி கட்டிய பாத்திரத்தைப் பல வீடுகளில் காணலாம். கண்ணுக்குத் தெரியாத உயிர்க்கும் தீங்கு நேரக்கூடாது என்னும் நுண்ணிய அருள் அதில் உள்ளது. அத்தகைய வீட்டிலேயே, வந்த செய்தியை வடிகட்டாமல் நாற்பது பேருக்கு அனுப்பும் பழக்கமும் குடிபுகுந்துள்ளது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டனர். பொய்ச் செய்தி மறுபகிரப்படும் வாய்ப்பு மெய்ச் செய்தியைக் காட்டிலும் 70 விழுக்காடு மிகுதி. 1,500 பேரைச் சென்றடைய மெய்க்கு ஆன காலம், பொய்க்கு ஆனதைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. காரணம் இயந்திரங்கள் என்று பலர் எண்ணினர். மனிதரே முதன்மைக் காரணம் என்று அவ்வாய்வு கண்டது. வியப்பையும் அச்சத்தையும் அருவருப்பையும் பொய் எளிதில் எழுப்புகிறது. எழுந்த உணர்ச்சியைத் தனியே வைத்திருக்க இயலாத மனம் உடனே அதை அடுத்தவரிடம் தள்ளிவிடுகிறது.

இதன் விலை உயிராகவும் இருந்தது. குழந்தை கடத்துவோர் வந்துள்ளனர் என்ற வதந்தி 2018இல் வாட்ஸ்அப் வழியே பரவி, தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களில் குற்றமற்றவர்கள் அடித்துக் கொல்லப்பட்டனர். அனுப்பியவர்களுள் பெரும்பாலோர் தம் குழந்தைகள் மீது அன்பு கொண்ட பெற்றோர். எவரையும் கொல்ல எண்ணாதவர்கள். அவ்வாண்டு ஜூலையில் அந்நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி வரம்பிட்டது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு முறைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றாக்கியது. அதன்பின் அத்தகைய செய்திகளின் பரவல் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது. ஒரு சிறு தடை, ஒரு நொடித் தாமதம், இவ்வளவு செய்யுமாயின் உள்ளத்தில் இடும் தடை எவ்வளவு செய்யும் என்று எண்ணிப் பார்க்கத்தக்கது.

பயனின்றிச் சேரும் வினை

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் அநர்த்த தண்ட விரதம் ஒன்று. தனக்கும் பிறர்க்கும் பயனில்லாமல் தீவினைக்கு இடமளிக்கும் செயல்களை விலக்குவதே அது. சமந்தபத்திரரின் ரத்னகரண்ட சிராவகாசாரம் இதனை ஐவகையாகப் பிரிக்கிறது. அவற்றுள் மூன்று இணையப் பழக்கத்தை அப்படியே காட்டுகின்றன. பிறர்க்குக் கேடு நேர வேண்டுமென்று உள்ளத்துள் எண்ணிக்கொண்டிருப்பது அபத்யானம். உள்ளத்தைக் கலக்கும் தீய கதைகளைக் கேட்பது துஸ்ருதி. காரணமின்றி, கவனமின்றிச் செயல்படுவது பிரமாதசரியை.

கைப்பேசி கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் கூறப்பட்ட இம்மூன்றையும் ஓர் இரவு அரை மணி நேரத் திரைப்பழக்கத்தில் காணலாம். தொடங்கும்போது காரணம் இல்லை; அது பிரமாதசரியை. நடுவில் ஒரு கொலைச் செய்தியும் ஒரு குடும்பத்தின் அவலமும் கண்முன் ஓடுகின்றன, அது துஸ்ருதி. முடிவில், முன்பின் அறியாத ஒருவர் மீது வெறுப்பு நெஞ்சில் தங்கிவிடுகிறது, அது அபத்யானம். அதன்பின் விளக்கை அணைத்துப் படுத்தால் உறக்கம் வருவதில்லை. பொருள் இழக்கவில்லை, எவரும் அடிக்கவில்லை. ஆயினும் மனம் களைத்துப்போயிருக்கிறது.

அருகில் இருந்தும் தொலைவில்

வாட்ஸ்அப் 2014 நவம்பரில் நீலக்குறியைக் கொண்டுவந்தது. செய்தி படிக்கப்பட்டது என்பதற்கு அது அடையாளம். ஒரு சிறு வசதியாக வந்த அது, எத்தனையோ உள்ளங்களில் ஐயத்தை விதைத்தது. படித்தும் ஏன் மறுமொழி இல்லை? நள்ளிரவு வரை திரையில் இருந்தவள் அம்மாவுக்கு ஒரு சொல் எழுத நேரமில்லாதவளா? மகள் அலுவலகக் கூட்டத்தில் இருந்திருப்பாள்; குழந்தைக்குக் காய்ச்சலாக இருந்திருக்கும். நீலக்குறி அவற்றைச் சொல்வதில்லை. அது பார்த்த நேரத்தை மட்டும் காட்டும். பார்த்தவரின் நிலையைக் காட்டாது.

பிள்ளைகள் எப்போதும் கைப்பேசியிலேயே இருக்கின்றனர் என்று கடிந்துகொள்ளாத வீடில்லை. கடிந்துகொள்ளும் தந்தையின் கையிலும் அதே கருவி இருப்பதைப் பிள்ளை கவனிக்கிறது. பள்ளியில் நடந்த ஒரு சிறு அவமானத்தைச் சொல்ல வந்த சிறுமி, தாயின் கண்கள் திரையை விட்டு எழாததைக் கண்டு, ‘ஒன்றுமில்லை’ என்று திரும்பிப் போகிறாள். நான்கு முறை திரும்பிப் போன குழந்தை ஐந்தாம் முறை வருவதில்லை. பின்னர் அவள் தன் துயரத்தை அறியாத எவரிடமோ திரை வழியே சொல்லத் தொடங்குகிறாள்.

துக்கத்திலும் இம்மாற்றம் புகுந்துவிட்டது. முன்பு இறப்புச் செய்தி வந்தால் வேலையை விட்டுவிட்டுச் செல்வார்கள். இழவு வீட்டின் திண்ணையில் பேசாமல் அமர்ந்திருப்பதே பெரிய ஆறுதலாக இருந்தது. இன்று கூப்பிய கரங்களின் சின்னம் நூறு வந்து குவிகிறது. தொலைவில் இருப்போர்க்கு வேறு வழியில்லை. அவர்களைக் குறைகூறுதல் தகாது. அடுத்த தெருவில் இருப்பவரும் சின்னத்தோடு நிறுத்திக்கொள்வதே வருந்தத்தக்கது. கணவனை இழந்த மூதாட்டிக்கு அந்த நூறு சின்னங்களையும் படித்துக் காட்ட ஆள் இல்லை. அவர் எதிர்பார்ப்பது, வாசலில் ஒரு காலடி ஓசை.

இனி க்ஷமாவணிக்கு வருவோரின் நிலையைக் காண்க. அழகிய மலர்ப் படம், ‘அறிந்தும் அறியாமலும் செய்த பிழை பொறுத்தருள்க’ என்னும் வாசகம், கீழே குடும்பத்தார் பெயர்கள். ஒரே அழுத்தலில் பல குழுக்களுக்குப் போகிறது. அவற்றில் இருக்கும் முந்நூறு பேருள் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரிடம் அனுப்பியவர்க்கு எந்தப் பிணக்கும் இல்லை. பிணக்கு உள்ளவர் ஒரே ஒருவர்: ஐந்து ஆண்டுகளாகப் பேசாத உடன்பிறந்த தம்பி. அவரும் அக்குழுவில் இருக்கிறார். அவருக்கும் அதே மலர் போய்ச் சேர்கிறது. அவரும் கூப்பிய கரங்களை அனுப்பிவிடுகிறார். முந்நூறு பேரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. கேட்க வேண்டியவரிடம் கேட்கவில்லை. இருவரும் கேட்டுவிட்டதாகவே எண்ணிக்கொள்வதால் அடுத்த ஆண்டும் கேட்கப்போவதில்லை.

மன்னிப்பு கடினமானது, கடினமாக இருப்பதால்தான் அதற்கு ஆற்றல் உண்டு. எண்ணை அழுத்தும்போது கை நடுங்க வேண்டும். மறுமுனையில் ‘யார்’ என்ற குரல் கேட்கும்போது தொண்டை அடைக்க வேண்டும். அந்த அடைப்பில் உடைவது மானம் என்னும் கஷாயம். பொதுவாக அனுப்பும் வாசகத்தில் எதுவும் உடைவதில்லை.

இல்லறத்தார்க்கு இயலும் நெறிகள்

துறவியர்க்குரிய முழுத்துறவை இல்லறத்தார்க்கு அறநூல்கள் விதிக்கவில்லை. அளவறிந்து குறைத்துக்கொள்ளும் அணுவிரதத்தையே விதித்தன. இணையத்திற்கும் அந்நெறி பொருந்தும்.

சூரியன் மறைந்தபின் உண்ணாமை இன்றும் பல இல்லங்களில் காக்கப்படுகிறது. வயிற்றுக்கு ஓர் எல்லை வகுத்த மரபு கண்ணுக்கும் ஓர் எல்லை வகுக்கலாம். இரவு ஒன்பது மணிக்கு வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் கூடத்தில் ஓரிடத்தில் வைக்கப்படட்டும். முதலில் வைப்பவர் குடும்பத் தலைவராக இருக்கட்டும்.

நீரை வடிகட்டுவது போல் செய்தியையும் வடிகட்டலாம். இது மெய்யா, இதனால் எவர்க்கேனும் பயன் உண்டா, எவர்க்கேனும் தீங்கு உண்டா என்னும் மூன்று கேள்விகளே அந்தத் துணி. மூன்றையும் கடக்காதது தம்மோடு நிற்கட்டும்.

சினத்தில் எழுதியதை உடனே அனுப்பாமல் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், வைத்திருக்கலாம். சாமாயிகத்திற்கு வழக்கமாகக் கொள்ளும் கால அளவும் அதுவே. அந்நேரம் கழித்துப் படித்தால் பெரும்பாலான வரிகள் தாமே அழிந்துவிடும்.

மறுமொழி வராவிடின் நல்ல காரணத்தையே முதலில் எண்ணப் பழகலாம். ஊரில் நேர்ந்த துக்கத்திற்கு நேரில் செல்வதும், வெளியூர்த் துக்கத்திற்குக் குரலால் பேசுவதும் குடும்ப வழக்கமாகட்டும். பிள்ளை பேச வரும்போது திரை கவிழ்ந்திருக்கட்டும்.

இறுதியாக, பொது வாழ்த்தை அனுப்புவோர் அனுப்பட்டும், அதில் குற்றமில்லை. அதை அனுப்புமுன் எவர் பெயரை நினைத்தால் நெஞ்சு சற்றே கனக்கிறதோ, அவருக்கு மட்டும் தனியே ஓர் அழைப்பு போகட்டும். இயன்றால் பழம் தாங்கிய தட்டோடு அவர் வாசலுக்கே செல்லட்டும். நேற்று கல்லில் எழுதிய கோடும், இருவர் ஒருங்கே கை வைத்துத் தேய்த்தால் மங்கத் தொடங்கும்.

அனைத்துயிரும் இன்புறுக! அறம் வளர்க!